பாய்மரப் படகுல பேட்டரி ஏன் சீக்கிரமே போயிடுது?

ரெண்டு வருஷத்துல பேட்டரி போயிடுச்சு, சார்ஜர மாத்தணுமான்னு கேக்குறீங்க. அதுக்கு முன்னாடி வோல்ட் அளக்குற மல்டிமீட்டர் ஒண்ணு எடுங்க. சார்ஜிங்க நிறுத்தி, லைட்டு ஃபிரிட்ஜு எல்லாம் ஆஃப் பண்ணி நாலஞ்சு மணி நேரம் விட்டு அளந்து பாருங்க, 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரின்னா 12.6க்கு மேல இருந்தா ஃபுல், 12.1 காட்டுனா பாதி காலி, அதுக்கும் கீழ இறக்கி சார்ஜ் போடாம அப்படியே விடுறதுதான் பேட்டரிய கொல்லுது, உள்ள இருக்குற ஈய பிளேட்ல சல்பேட்ங்கிற உப்பு படிஞ்சு இறுகிடும்.

தண்ணி ஊத்துற டைப்னா மாசாமாசம் மூடியத் திறந்து பாருங்க. பிளேட் வெளிய தெரிஞ்சா அது மூழ்குற அளவுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர் ஊத்திட்டு, மிச்சத்த ஃபுல் சார்ஜ் ஆனப்புறம் ஊத்துங்க, இல்லன்னா சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வழியும். அந்த நேரம் ஹைட்ரஜன் வேற வரும், அது பொறி பட்டா வெடிக்கிற வாயு, அதனால காத்தோட்டம் ரொம்ப முக்கியங்க.

அப்புறம் உப்புக்காத்து. என் படகுல ஒருநாள் ராத்திரி மாஸ்ட் (பாய்மரக் கம்பம்) லைட்டு விட்டு விட்டு எரிஞ்சுது, பேட்டரிதான்னு நெனச்சேன், ஆனா வோல்ட் சரியா இருக்கு. நெகட்டிவ் கேபிள லேசா இழுத்தேன், கையோட வந்துடுச்சு, உள்ள செம்பு பூரா பச்சையா பூத்துப் போயி மாவா உதிருது. அதனால வெள்ளீயம் பூசுன செம்பு வயரே போடுங்க. பேட்டரி கேபிள கழட்டும்போது நெகட்டிவ் மொதல்ல, மாட்டும்போது அது கடைசி.