நடுகல் வீரனுக்குச் சட்டை இல்லை

அன்புள்ள ஐயா,

விடுமுறையில் மகளைத் தருமபுரி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். நடுகற்களைப் பார்த்துவிட்டு, "இவங்க ஏம்மா சட்டை போடல? ஏழையா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மாமனாரிடம் கேட்டேன். "அந்தக் காலத்துல எல்லாரும் ஒரே மாதிரி எளிமையாத்தான் உடுத்தினாங்க. துணியில பெரியவன் சின்னவன் பார்க்கறதெல்லாம் இப்ப வந்த பழக்கம்" என்றார். அது சரியா?

இன்னொன்று. பள்ளி மாறுவேடப் போட்டியில் அவளுக்கு ஔவையார் வேடம். வெள்ளைச் சேலை, திருநீறு, கையில் கோல் போதும்தானே?

கா., பாப்பாரப்பட்டி

*

அன்புள்ள கா.,

மகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த வீரர்கள் சட்டை போடாததற்குக் காரணம் ஏழ்மை இல்லை. அடுத்த முறை கல்லுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். துணி என்று பார்த்தால் இடுப்பில் ஒரு குட்டையான ஆடை மட்டும்தான். ஆனால் அள்ளி முடிந்த கொண்டை இருக்கும், காதில் அணி இருக்கும், கச்சையில் குறுவாள், கையில் வில். சில கற்களில் காலடியில் கெண்டியும் (மூக்கு வைத்த நீர்ப் பாத்திரம்) சிமிழும் செதுக்கியிருப்பார்கள். ஊர் மாடுகளை மீட்கப் போய் உயிரை விட்டவனுக்கு ஊர் செய்த மரியாதை அது. மாமல்லபுரம் ஆதிவராகர் குகையில் பல்லவ அரசர்களின் உருவங்கள் இருக்கின்றன. அவர்களுக்கும் மேலுடம்பில் சட்டை கிடையாது, தலையில் கிரீடம் உண்டு. நம் வெயிலுக்குத் தைத்த சட்டை தேவைப்படவில்லை. தகுதியைத் தலையிலும் காதிலும் கையிலும் காட்டினார்கள்.

அதற்காகத் துணியில் வித்தியாசமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அதற்குச் சாட்சி உங்கள் மகள் வேடம் போடப்போகும் ஔவையாரே. புறநானூற்றின் 392ஆம் பாட்டில் அதியமானின் மகன் எழினியின் வாசலில் போய் நிற்கிறார். அப்போது அவர் இடுப்பில் இருந்தது கந்தல். ஊர் குடிக்கும் கேணியில் படர்ந்த பாசியின் வேரைப் போல இற்றுப்போன கந்தல் என்று அவரே சொல்கிறார். எழினி அதைக் களையச் செய்து, நேரான கரை போட்ட, நுண்ணிய நூலால் நெய்த கலிங்கம் என்ற துணியை உடுத்தக் கொடுக்கிறான். அதன் பிறகுதான் கள்ளும் விருந்தும். நம் தகடூரில், அதாவது இன்றைய தருமபுரியில், நடந்த விஷயம் இது. துணியை மாற்றினால் ஒருவரின் இடம் மாறுகிறது என்பது கொடுத்தவனுக்கும் தெரிந்திருக்கிறது, பாடியவருக்கும் தெரிந்திருக்கிறது.

அதனால் வெள்ளைச் சேலையும் கோலும் வேண்டாம் என்பேன். அந்தக் கிழவி கோலம் ஆத்திசூடி பாடிய, பல நூற்றாண்டு பிந்திய ஔவைக்குப் பொருந்தலாம். அதியமானைப் பாடியவர் 89ஆம் பாட்டில் தன்னை அணிகள் பூண்ட, மை தீட்டிய கண்ணுடைய விறலி, அதாவது ஆடிப் பாடும் கலைஞி, என்கிறார். கரை போட்ட மெல்லிய பருத்திச் சேலை கட்டிவிடுங்கள், கண்ணுக்கு மை வையுங்கள். நடுவர் கேட்டால் பாட்டு எண்ணைச் சொல்லட்டும்.

அடுத்து உங்கள் மாமனார் சொன்னது. 'எளிமை' என்ற சொல்லை இங்கே அவ்வளவு சுலபமாக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. நம் பக்கத்தில் ரவிக்கை போடாத பாட்டிகளை நானும் பார்த்திருக்கிறேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கம்பீரமாக நடப்பார்கள். அது வழக்கம். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் வேண்டும் என்று நினைத்தாலும் போடக்கூடாது என்று சொல்லி வைத்திருந்த வீடுகளும் இதே நாட்டில் இருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். அவற்றில் சில இவை. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே வரக்கூடாது, இடுப்புக்கு மேலே ஏறக்கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக்கூடாது. பொன், வெள்ளி நகை கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. நூறு வருடம்கூட ஆகவில்லை. அன்று அந்தத் தெருவைப் பார்த்த ஒருவர், எல்லோரும் எளிமையாக உடுத்தியிருக்கிறார்கள் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.

மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் முடிவில் 1859ல் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட ஆணையைப் பாருங்கள். நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம், முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் மட்டும் உடுத்தக்கூடாது. அனுமதி கொடுக்கும்போதுகூட அந்த ஒரு வித்தியாசத்தை விட அவர்களுக்கு மனம் வரவில்லை. எனக்கு இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

நம் மாவட்டங்களில் இப்படி எழுதிப் போட்ட ஆணை தேவைப்படவில்லை, பழக்கமே போதுமானதாக இருந்தது. மாமனாரிடம் தோள் துண்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பண்ணைக்காரர் எதிரே வந்தால் தோளில் கிடந்த துண்டு அக்குளுக்குப் போகும், மடித்துக் கட்டிய வேட்டி அவிழும், காலில் இருந்த செருப்பு கைக்கு வரும். இவ்வளவும் அவர் கடந்து போகிற ஒரு நிமிடத்துக்குள். துண்டு அதே துண்டுதான், அது எங்கே கிடக்கிறது என்பதில்தான் கணக்கு.

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் 1574ல் முதலாம் எலிசபெத் அரசி ஊதாப் பட்டு யார் உடுத்தலாம் என்று சட்டம் போட்டார், அரச குடும்பத்தையும் சில உயர் பிரபுக்களையும் தாண்டி யாருக்கும் அது கிடையாது. அந்த ஊதாவின் மவுசை உடைத்தது ஒரு பையன். 1856ல், 18 வயதில், மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகச் செய்யப்போய் வில்லியம் பெர்கின் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அப்புறம் சாயமும் மில் துணியும் மலிந்தன, அரசனின் நிறம் தெருவுக்கு வந்தது. இங்கும் டெரிலின் சட்டை ஒரு காலத்தில் மாப்பிள்ளைக்கு மட்டும்தான். இன்று பர்கூரில் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போனால் கூலி வேலை செய்பவரும் நிலக்காரரும் ஒரே விரிப்பில் உட்கார்ந்து சேலையைப் பிரித்துப் பார்க்கிறார்கள். அந்தக் கடைகளை நான் மனதாரக் கொண்டாடுகிறேன்.

எளிமை உயர்ந்த விஷயம்தான், தானே எடுத்துக்கொண்டால். ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1948ல் கவர்னர் ஜெனரலாக டெல்லி மாளிகையில் கதர் வேட்டியோடுதான் இருந்தார். வைசிராய்கள் பதக்கம் குத்திய கோட்டோடு நடமாடிய இடம் அது. அந்த வேட்டிக்கு அவ்வளவு பலம் வந்தது, அவர் நினைத்திருந்தால் கோட்டு போட்டிருக்கலாம் என்பதால்தான். ராமநாதபுரத்துக்காரருக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

இப்போது எல்லாம் சமமாகிவிட்டதா என்றால், இல்லை. பொங்கலுக்கு ரேஷன் கடையில் கொடுக்கும் சேலையின் கரையைப் பார்த்ததும் 'கவர்மென்ட் சேலை' என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதனாலேயே அதைக் கட்டிக்கொண்டு வெளியூர் போகத் தயங்குகிற பெண்கள் இருக்கிறார்கள். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். மல்பெரி வளர்த்து, புழுவுக்கு இரவு பகலாக இலை போட்டு, நான்கு வாரம் தூக்கம் கெட்டவர்கள் கூட்டைக் கொட்டிவிட்டு ஏலத்துக்குக் காத்திருப்பார்கள். நல்ல கூடு ஒன்றில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு இழை வரும். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் அசல் பட்டு இருக்கிறது என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

என்னை அதிகம் உறுத்துவது வேறு. அரூர் பக்கம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் தாண்டா எனப்படும் லம்பாடிக் குடியிருப்புகள் இருக்கின்றன. கண்ணாடிச் சில்லும் சோழியும் வைத்து நெருக்கித் தைத்த பாவாடையும் ரவிக்கையும் அந்தப் பெண்களின் உடை. மற்றவர்களோடு கலந்து வாழ வேண்டியிருந்ததில் அதை விட்டுச் சேலைக்கு மாறினார்கள். உடை போனதும் தையலும் மறந்துபோனது. பிறகு கைப்பழக்கம் மிச்சமிருந்த மூத்த பெண்களிடம் இளையவர்கள் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். இன்று 'போர்கை' என்ற அவர்களுடைய அமைப்பின் வழியாக அந்தத் தையல் வெளியூர்களுக்குப் போகிறது.

தையல் திரும்பி வந்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம். ஆனால் ஒரு லம்பாடிப் பெண் தன் பாட்டியின் உடையில் அரூர் பேருந்தில் ஏறினால், பக்கத்து இருக்கைக்காரர்கள் அவளை எப்படிப் பார்ப்பார்கள்? அவள் வேடம் போட்டிருப்பதாக நினைக்காமல், உடுத்தியிருப்பதாக நினைப்பார்களா? உங்கள் பள்ளியில் லம்பாடிக் குழந்தைகள் யாராவது படித்தால், வகுப்பில் இதைப் பற்றி ஒரு நாள் பேசுங்கள் என்று ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.