ஸ்டீவன்ஸ் என்றொரு வக்கீல்

கேள்வி: வக்கீலாக இருந்து அமெரிக்க அரசியலுக்கு வந்தவர் என்றாலே எல்லோரும் லிங்கனைத்தான் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் உங்களுக்குப் பிடித்த வேறு ஆள் உண்டா?
– வாசகி, பழனி

பதில்: உண்டு, தாடியஸ் ஸ்டீவன்ஸ். 1792-ல் வெர்மான்ட்டில் பிறந்தவர். பிறவியிலேயே கால் ஊனம். அப்பா குடும்பத்தை விட்டுவிட்டுப் போக, அம்மாதான் பாடுபட்டுப் படிக்க வைத்தார். 1816-ல் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார்.

பிடித்தவர் என்பதற்காக 1821 வழக்கை மறைக்க முடியுமா? சேரிட்டி பட்லர், மேரிலாந்தைச் சேர்ந்த அடிமைப் பெண். பென்சில்வேனியாவில் 6 மாதம் இருந்துவிட்டால் அடிமைக்கு விடுதலை என்று அங்கே சட்டம். எஜமானியோடு வந்து தங்கிப்போன நாட்களையெல்லாம் கூட்டினால் 6 மாதத்தைத் தாண்டுகிறதே என்று கேட்டார் சேரிட்டி. ‘சேர்ந்தாற்போல் 6 மாதம் இருந்தால்தான் செல்லும்’ என்று உடைமைக்காரர் பக்கம் நின்று வாதாடி ஜெயித்தவர் நம்ம ஸ்டீவன்ஸ்! அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் மறுபடி அடிமைகள். கட்சிக்காரருக்காகப் பேசுவது தொழில்தர்மம் என்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

அப்புறம் ஆளே வேறு. தப்பி வந்த அடிமைகளுக்காகக் கோர்ட்டில் நின்றார். 1835-ல் இலவசப் பள்ளிச் சட்டத்தை ரத்து செய்ய மாநில சட்டசபை முனைந்தபோது, இவர் பேசிய பேச்சில் சபையே மனம் மாறியது. 1849-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போனார். அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களோடு நடந்த உள்நாட்டுப் போரின்போது, அரசின் போர்ச் செலவுக்கு வழிசெய்த வரி, நிதிக் குழுவின் தலைவர். அந்தக் கோபத்திலோ என்னவோ, 1863-ல் தென்மாநிலப் படை இவருடைய இரும்பு ஆலைக்குத் தீ வைத்தது. போருக்குப் பின், முன்னாள் அடிமைகளுக்குக் குடியுரிமை தந்த அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தம் நிறைவேற முன்னின்று உழைத்தார்.

நாக்கும் லேசுப்பட்டதல்ல. கைசுத்தம் இல்லாதவர் என்று பெயரெடுத்த பென்சில்வேனியா அரசியல்வாதி சைமன் கேமரூனை அமைச்சராக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, ‘பழுக்கக் காய்ந்த அடுப்பை மட்டும் திருடமாட்டார்’ என்று லிங்கனிடம் சொன்னாராம். கேமரூன் கொதித்துப்போய் வாபஸ் வாங்கச் சொல்ல, ‘சரி, அடுப்பைத் திருடமாட்டார் என்றதை வாபஸ் வாங்குகிறேன்’ என்றாராம். கதை உண்மையோ கட்டியதோ, ஆளுக்குப் பொருந்துகிறது.

1868-ல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் மீதான பதவிநீக்க விசாரணைக்கு, நடக்க முடியாத இவரை நாற்காலியில் தூக்கிப் போனார்கள். ஜான்சன் ஒரே ஓட்டில் தப்பினார். ஆகஸ்டில் ஸ்டீவன்ஸ் காலமானார். கறுப்பர்களுக்கு இடம் தராத மயானம் வேண்டாம் என்று, எல்லோருக்கும் இடமிருந்த சிறிய மயானத்தை லான்காஸ்டரில் முன்பே தேர்ந்தெடுத்திருந்தார். அவர் இறந்த பிறகும், மரியாதைக்காக அவரையே காங்கிரஸ் தேர்தலுக்கு வேட்பாளராக அறிவித்தது உள்ளூர் குடியரசுக் கட்சி.