செல்போனில் பச்சை, மேசையில் கரி

காற்றைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மார்கழி வந்தாலே இந்தக் கேள்விகள் கூடிவிடும்.

கேள்வி: காந்திபுரத்தில் ரோட்டோரம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேனுங்க. காலையில் துடைத்த மேசையில் சாயங்காலம் விரல் வைத்தால் கருப்பாக ஒட்டுகிறது. செல்போனில் கோவைக் காற்றின் தரக் குறியீடு 62, பச்சை என்கிறது. இன்னொரு ஆப் 105 என்கிறது. எதை நம்புவது?

பதில்: முதலில் அந்த 62, 105 வித்தியாசம். இரண்டும் ஒரே காற்றாகவே இருக்கலாம். அளவுகோல்தான் வேறு. பி.எம். 2.5 எனும் நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருந்தால் நம் நாட்டுக் கணக்கில் குறியீடு 100. அமெரிக்கக் கணக்கில் 150-ஐத் தாண்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஒரு நாளுக்குச் சொன்ன வரம்பு வெறும் 15 மைக்ரோகிராம். ஆக, நம்மூர்ப் பச்சை கொஞ்சம் தாராளமான பச்சை.

அடுத்தது, அந்த எண் உங்கள் கடை வாசலில் எடுத்தது அல்ல. சிட்கோ குறிச்சி மாதிரி ஏதோ ஓரிடத்தில் நிற்கும் கருவி சொல்வது. அதுவும் 24 மணி நேரச் சராசரி. காலை ஒன்பது மணிக்கு பஸ்கள் கக்குவது நள்ளிரவின் அமைதியோடு கலந்து கரைந்துவிடும். மேசையில் ஒட்டுவதில் பெரும்பகுதி தடித்த தூசி. அது கீழே விழுந்துவிடும், குறியீட்டில் வராது. நுரையீரலுக்குள் இறங்குவது உங்கள் விரலுக்குத் தெரியாது.

காற்றை அளக்கும் வேலைக்கு நான் சேர்ந்த புதிதில் கருவியில் வெள்ளை வடிதாளை மாட்டி, எட்டு மணி நேரம் ஓடவிட்டு, கழற்றி எடை போடுவோம். ரோட்டோரத் தாள் டீத்தூள் சக்கை நிறத்தில் வரும். இரும்பு உருக்கும் பவுண்டரிப் பக்கம் மாட்டிய தாள் அடுப்புக்கரி தடவினாற்போல் இருக்கும். சில நாள் இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை நிற்கும். எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு தாளைப் பார்க்காமல் விட்டால் பாதி விஷயம் போச்சு. நீங்களும் உங்கள் மேசையைப் பாருங்கள்: எந்த நேரத்தில், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். தட்டித் துடைக்காதீர்கள், ஈரத்துணி போதும்.

கேள்வி: திருப்பூரில் வீட்டுக்கு ஒரு சின்ன சென்சார் வாங்கினேன். பனிக்காலக் காலையில் 180 காட்டுகிறது, மத்தியானம் 50. கருவி கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை, கொஞ்சம் ஏமாறுகிறது. இந்தச் சின்னக் கருவிகள் லேசர் ஒளி சிதறுவதை வைத்துத்தான் துகளைக் கணக்கிடுகின்றன. பனித்துளியையும் தூசியாகச் சேர்த்துவிடும். அதற்காக 180 முழுப்பொய் என்றும் நினைக்க வேண்டாம். பனிக்காலத்தில் தரையொட்டிய குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று மூடிபோல் படுத்துக்கொள்கிறது. சாயப்பட்டறை பாய்லரில் எரியும் விறகுப் புகை, குப்பைப் புகை எல்லாம் அதற்குள்ளேயே சுற்றும். வெயில் ஏறினால்தான் மூடி திறக்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறது. அந்த மாதங்களை வைத்து நம் ஊருக்கு நாமே சான்றிதழ் கொடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: சிங்காநல்லூரிலிருந்து ஒரு அம்மா. பையனுக்கு வீசிங். காலை நடைக்குக் கூட்டிப் போகலாமா? மாஸ்க் போடணுமா?

பதில்: அம்மணி, மருந்து விஷயம் டாக்டரோடு. நடையைப் பனிக்காலத்தில் ஒன்பது மணிக்கு மேல், பெரிய ரோட்டை விட்டு உள்வீதியில் வைத்துக்கொள்ளுங்கள். கைக்குட்டை கட்டுவது மனத்திருப்திக்குத்தான். என்95 முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால் பலன் உண்டு. சின்னப் பிள்ளைகள் முகத்துக்குப் பெரும்பாலும் சரியாக உட்காராது. இன்னொன்று கேட்கிறேன்: ராத்திரி பையன் படுக்கிற அறையில் கொசுவர்த்திச் சுருள் எரிகிறதா? எரிந்தால் அதை இன்றைக்கே நிறுத்துங்கள். கதவைச் சாத்திய அறையில் அந்தப் புகைக்கு முன்னால் அவிநாசி ரோடே தேவலை. கொசுவலை கட்டுங்கள்.

கேள்வி: ஈரோடு. மணி பிளான்ட் வைத்தால் வீட்டுக்காற்று சுத்தமாகுமாமே?

பதில்: கண்ணுக்குக் குளிர்ச்சி. அந்தப் பேச்சுக்கு மூலம், 1989-இல் நாசா மூடிய பெட்டிக்குள் செய்து பார்த்த சோதனை. நம் வீடு பெட்டி இல்லை.

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம். எதிர் காலி இடத்தில் வாரம் இரண்டு முறை குப்பையைக் கொளுத்துகிறார்கள். சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள்.

பதில்: சண்டை வேண்டாம். தேதி, நேரம் தெரியும்படி நாலைந்து போட்டோ எடுங்கள். முதலில் நகராட்சி அல்லது ஊராட்சியில் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் அதே ரசீதை இணைத்துக் கொடுங்கள், நகல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கு. திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாகக் குவித்து எரித்தால் 25,000 ரூபாய் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே சொல்லிவிட்டது. மனுவில் அந்த வரியை எழுதுங்கள், படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

என்னைக் கேட்டால், தூசியை அடக்கத் தண்ணீர் பீய்ச்சும் வண்டிக்குச் செலவழிப்பதைவிட நம் ஊர்களில் குப்பைத் தீயை நிறுத்தி, தார் ரோட்டின் ஓரத்து மண்ணை மூடினாலே பாதி வேலை முடியும். வெள்ளலூர்க் குப்பைக்கிடங்கு எரிந்தபோது சுற்றுவட்டாரம் பட்ட பாட்டை யாரும் கருவி வைத்து அளந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கேள்வி: கரூர். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் வீட்டுக்காற்று சுத்தமாகும் என்கிறார் மாமியார். உங்கள் கருத்து?

பதில்: மாமியாரிடம் நான் வாதாடப் போவதில்லை. போடுங்கள். போடும்போது ஜன்னல் இரண்டையும் திறந்து வையுங்கள், கைக்குழந்தையை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.