வேண்டாத விளம்பரத் தபாலை எப்படி நிறுத்துவது?

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றில் இருக்கிறோம். கடனட்டை, காப்புறுதி, காணி விற்பனை என்று தபால் பெட்டி நிறைய விளம்பரம்தான். அதற்குள் தண்ணீர் பில் மறைந்து, கட்ட வேண்டிய திகதியே ஒருமுறை தாண்டிவிட்டது. லண்டனில் இருக்கும் தங்கை, அங்கே ஓரிடத்தில் பெயரைப் பதிந்தால் இவை குறைந்துவிடும் என்கிறாள். இங்கேயும் அப்படி ஏதாவது உண்டா?

பதில்: உங்கள் தங்கை சொல்வது பிரித்தானியாவில் உள்ள ‘மெயிலிங் பிரிஃபரன்ஸ் சேர்விஸ்’. அதில் இலவசமாகப் பதியலாம். பதிந்தவர்களின் பெயரை நிறுவனங்கள் தங்கள் விளம்பரப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். இலங்கையில் அப்படிப் பொதுவான பட்டியல் இல்லை. அனுப்புகிறவர்களை ஒவ்வொருவராகத்தான் நிறுத்த வேண்டும்.

முதலில் ஒரு வாரத்துக்கு வருவதையெல்லாம் எறியாமல் சேர்த்து வையுங்கள். உங்கள் பெயர் போட்டு வந்தவற்றைத் தனியாக எடுங்கள். அவற்றை அனுப்பியவர்களிடம் உங்கள் பெயரும் விலாசமும் இருக்கின்றன. பெரும்பாலும் நாமேதான் கொடுத்திருப்போம்: கடையில் நிரப்பிய குலுக்கல் கூப்பன், மின்விசிறியோடு வந்த உத்தரவாத அட்டை, கண்காட்சியில் நீட்டிய படிவம். வங்கிப் படிவத்தின் கடைசியில் ‘சலுகைகள் பற்றி அறியத்தர விரும்புகிறேன்’ என்ற மாதிரி ஒரு சிறிய கட்டம் இருந்தால், கையெழுத்து வைக்க முன் அதைப் பாருங்கள். கூப்பனுக்குத் தொலைபேசி இலக்கம் போதுமென்றால் விலாசத்தை எழுத வேண்டியதில்லை.

யார் உங்கள் விலாசத்தைக் கைமாற்றுகிறார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கூப்பன், அங்கத்துவ அட்டை போன்றவற்றில் ஒவ்வொரு இடத்துக்கும் முதலெழுத்தைச் சற்று மாற்றிக் கொடுங்கள். பிறகு அந்த எழுத்தோடு வேறொரு நிறுவனத்தின் கடிதம் வந்தால், எங்கிருந்து போனது என்று தெரிந்துவிடும். வங்கி, காப்புறுதி, அரச அலுவல்களில் மட்டும் இதைச் செய்யக்கூடாது.

அடுத்து, அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்குக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். விளம்பரம் வேண்டாம், கணக்குக் கூற்றும் அவசியமான அறிவித்தல்களும் மட்டும் வரட்டும் என்று தெளிவாக எழுதி, எழுத்தில் பதில் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னால் சொன்னதற்கு அத்தாட்சி இருக்காது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் குறிப்பிடுங்கள். தபாலில் விளம்பரம் அனுப்பவும் சம்மதம் வேண்டும், கட்டணமின்றி விலகும் வழியையும் காட்ட வேண்டும் என்பது அதில் இருக்கிறது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து, பின்னர் பிற்போடப்பட்டன. இப்படித் தள்ளிப்போட்டது பாவனையாளருக்குச் செய்த அநியாயம் என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் அந்தச் சட்டத்தின் பெயரைக் கண்டால் நிறுவனங்கள் கவனிக்கும். அதோடு, சாதாரணக் கடிதத்துக்கான முத்திரைக் கட்டணம் 2022 ஆகஸ்டில் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாகக் கூடியது. வேண்டாம் என்று எழுதித் தந்தவருக்குச் செலவழிக்க அவர்களுக்கும் மனம் வராது.

வங்கி கேட்கவில்லையென்றால் முதலில் அந்த வங்கியிடமே எழுத்தில் முறையிடுங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்திடம் போகலாம். தொலைபேசி 1935.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் வாடிக்கையாளராக இருக்கும் இடத்தின் கடிதத்தை ‘ஏற்க மறுப்பு’ என்று தபால்காரரிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஆள் அந்த விலாசத்தில் இல்லை என்று அவர்கள் பதிந்துவிட்டால், தேவையான கடிதமும் நின்றுவிடும். உங்களோடு தொடர்பே இல்லாத நிறுவனம் என்றால் தாராளமாகத் திருப்பலாம்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் பெயர் விலாசம் எதுவும் இல்லாத துண்டுப்பிரசுரங்களை பொலித்தீனில் போட்டு கேட்டுக்கு உள்ளே எறிகிறார்கள். டியூஷன் வகுப்பு, பீட்சா, ஏசி சேர்விஸ்... யாரிடம் சொல்வது?

பதில்: இதில் தபால்காரருக்குச் சம்பந்தமில்லை, அவரிடம் கோபப்பட வேண்டாம். எறிகிற பிள்ளையும் நாள் கூலிக்கு வருகிறவன். பிரசுரத்திலேயே தொலைபேசி இலக்கம் இருக்குமே, அதற்கு எடுத்து ஒழுங்கையின் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் சொல்லி, இங்கே போட வேண்டாம் என்று கேளுங்கள். கேட்டில் ‘விளம்பரப் பிரசுரங்கள் போட வேண்டாம்’ என்று சிங்களத்திலும் தமிழிலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சட்டம் அதற்குத் துணை நிற்காவிட்டாலும் பலர் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். தொடர்மாடி என்றால் முகாமைத்துவக் குழு ஒரு தீர்மானம் எடுத்துக் காவலாளிக்குச் சொன்னால் போதும், வாசலோடு நின்றுவிடும். பத்திரிகைக்குள் செருகி வருவதை பத்திரிகை போடும் தம்பியிடம் எடுத்துவிட்டுத் தரச் சொல்லலாம். மறுக்கமாட்டார்.

பொலித்தீனைத்தான் நான் பெரிதாக எடுப்பேன். வீட்டில் ஆளில்லாத நாட்களில் அது மழைநீரைப் பிடித்து நுளம்பு பெருகும் இடமாகிவிடும். நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி அதற்குப் பொறுப்பு வீட்டில் இருப்பவர். எறிந்தவனைத் தேடிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் போகமாட்டார். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் வாசலைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.

கேள்வி: அப்பா காலமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் அவர் பெயருக்கு முதலீட்டுத் திட்டம், கடன் என்று கடிதங்கள் வருகின்றன. அம்மா ஒவ்வொன்றையும் பார்த்து அழுகிறார். எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடலாமா?

பதில்: அம்மாவின் கைக்குப் போகாமல் முதலில் நீங்களே எடுத்துவிடுங்கள். ஆனால் பிரித்துப் பார்க்காமல் திருப்ப வேண்டாம். பங்கு இலாபம், காப்புறுதி, நிலையான வைப்பு என்று குடும்பத்துக்கு வரவேண்டிய ஏதாவது அதற்குள் இருக்கலாம். அப்பா வாடிக்கையாளராக இருந்த இடங்களுக்கு மரணச் சான்றிதழின் பிரதியை இணைத்து எழுதுங்கள். விளம்பரம் நிற்பதோடு, அவர் பெயரில் ஏதாவது மீதி இருக்கிறதா என்ற பதிலும் வரும். மற்ற நிறுவனங்களுக்கு, இவர் காலமாகிவிட்டார், பெயரை நீக்கிவிடுங்கள் என்று நான்கு வரி மின்னஞ்சல் போதும். சான்றிதழின் பிரதியை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பிரசுரத்தில் போட்ட விலைக்குக் கடையில் பொருளைத் தர மறுத்து, கூடக் காசு வாங்கினார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அந்தப் பிரசுரத்தை எறிந்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. சலுகை முடியும் திகதியையும் ‘கையிருப்பு உள்ளவரை’ என்ற பொடி எழுத்தையும் முதலில் பாருங்கள். அதற்குள் அடங்காவிட்டால் பற்றுச்சீட்டோடு சேர்த்துப் பிரதி எடுத்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுங்கள். வியாபாரத்தில் தவறாக வழிநடத்துவதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தடை செய்கிறது. தகவல் கேட்க 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். முறைப்பாடு எழுத்தில், வாங்கி மூன்று மாதங்களுக்குள் போக வேண்டும். தமிழிலேயே எழுதலாம்.