டாக்டர் பதில்கள்: நெடுந்தூர லாரி ஓட்டுநர்களுக்காக

நாமக்கல்லிலிருந்து டெல்லிக்கு லோடு ஏற்றிப் போகிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் கண் சொக்குகிறது. டீ, புகையிலை, முகம் கழுவுவது எதுவும் கால் மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை. என்ன செய்வது?
– வாசகர், நாமக்கல்

இரவு 2 மணியிலிருந்து 5 மணி வரை யாருடைய உடம்பும் விழித்திருக்க ஒத்துழைக்காது. உடல் வெப்பம் தாழ்ந்து கிடக்கும் நேரம் அது. மதியம் 2 முதல் 4 வரை இதே மந்தம் கொஞ்சம் லேசாக வரும். மன உறுதியால் இதை வெல்ல முடியாது. கண் திறந்திருக்கும்போதே மூளை மூன்று, நான்கு விநாடி தூங்கிவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்றால் 50 மீட்டர். அவ்வளவு தூரம் வண்டி தானாகப் போயிருக்கும், உங்களுக்கே தெரியாது. கடைசியாகக் கடந்த ஊர் நினைவில்லை, வண்டி கோட்டை மிதிக்கிறது, கொட்டாவி விடாமல் வருகிறது என்றால் அடுத்த பங்க்கிலேயே நிறுத்துங்கள். ரோட்டோரத்தில் மட்டும் வேண்டாம். பின்னால் வருகிறவரும் அதே தூக்கக் கலக்கத்தில்தான் வருவார்.

நிறுத்தியதும் ஒரு ஸ்ட்ராங் காபியைக் குடித்துவிட்டு உடனே படுங்கள். அலாரம் 20 நிமிடத்துக்கு. காபி வேலை செய்ய அரை மணி நேரம் பிடிக்கும். எழும்போது தூக்கமும் காபியும் சேர்ந்து கைகொடுக்கும். முக்கால் மணி நேரம் நீண்டால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழுந்து, முன்பைவிட மந்தமாக இருப்பீர்கள். எழுந்து 10 நிமிடம் வண்டியைச் சுற்றி நடந்து, டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள். இது ஒன்றிரண்டு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். ஒரு நாளைக்கு 7 மணி நேரத் தூக்கத்துக்கு ஈடே கிடையாது. இரண்டு டிரைவர் போனாலும், ஓடுகிற கேபினில் படுப்பவருக்கு நல்ல தூக்கம் அமையாது. 24 மணி நேரத்தில் ஒருமுறையாவது நான்கைந்து மணி நேரம் வண்டியை நிறுத்தி இருவரும் தூங்கியாக வேண்டும்.

சளி மாத்திரையில் கவனம் வேண்டும். குளோர்பெனிரமைன் கலந்தது தூக்கத்தை இழுத்து வரும். ஓட்டப்போகும் நாளில் வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் வடக்கே குளிருக்காகக் கேபின் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே கரி அடுப்பு வைத்துத் தூங்குகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். தயவுசெய்து இன்னொரு கம்பளி வாங்கிக்கொள்ளுங்கள்.

சர்க்கரைக்கு கிளிமெபிரைடு மாத்திரை சாப்பிடுகிறேன். சாப்பாடு தள்ளிப்போனால் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டுகிறது. டிரிப் போகும்போது மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகர், சங்ககிரி

நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்களுக்கு வருவது தாழ்சர்க்கரை. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். சோறு பிந்தினால் சர்க்கரை சரியும். நேரத்துக்குச் சாப்பிட முடியாத தொழில் என்று உங்கள் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின், சிட்டாகிளிப்டின் போன்றவற்றைத் தனியாகச் சாப்பிடும்போது இந்தச் சரிவு அபூர்வம். உங்களுக்குப் பொருந்துமா என்று அவர் முடிவு செய்வார்.

நடுக்கம் தொடங்கினால் ஓரம் கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிடுங்கள். மூன்று, நான்கு டீஸ்பூன் சர்க்கரையை (15 கிராம்) தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். பிஸ்கெட்டும் சாக்லேட்டும் மெதுவாகத்தான் ஏறும், முதலில் அவை வேண்டாம். 15 நிமிடம் கழித்துக் குளுக்கோமீட்டரில் 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை. தேறியதும் வயிறாரச் சாப்பிடுங்கள். மீட்டர் சரியாகக் காட்டினாலும் மூளை தெளிய நேரமாகும். 45 நிமிடம் கழித்தே ஸ்டியரிங்கைத் தொடுங்கள். சர்க்கரைப் பொட்டலம் சட்டைப் பையில் இருக்கட்டும். டூல் பாக்ஸில் இருந்தால் அந்த நேரத்தில் எடுக்க முடியாது. வண்டி எடுக்கும் முன் 90க்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

இன்சுலின் போடுகிறவர்கள் அதை டாஷ்போர்டிலோ இன்ஜின் பானட் மேலோ வைக்கக் கூடாது, சூட்டில் வீணாகிவிடும். ஈரமணல் நிரப்பிய சிறு மண்பானைக்குள் பாலித்தீன் உறையில் வைத்து, நிழலான மூலையில் வையுங்கள். திறந்த குப்பி பெரும்பாலும் 28 நாள்தான்.

என் வீட்டுக்காரர் 12 சக்கர லாரி ஓட்டுகிறார். வீட்டில் தூங்கும்போது பலமாகக் குறட்டை விடுகிறார். நடுவில் மூச்சே நின்றது போல் இருந்து, திடுக்கென்று இழுத்து விடுகிறார். பயமாக இருக்கிறது.
– வாசகி, திருச்செங்கோடு

உங்கள் பயம் நியாயமானது. இது பெரும்பாலும் தூக்கத்தில் மூச்சுத்தடை. தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப்பாதையை அடைக்கிறது; மூளை ஒவ்வொரு முறையும் எழுப்பிவிடுகிறது. எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்கின பலன் இல்லாமல், பகலில் ஸ்டியரிங்கில் கண் மூடும். கழுத்துச் சுற்றளவை அளந்து பாருங்கள். 17 அங்குலத்துக்கு மேல் என்றால் சந்தேகம் வலுக்கிறது. அடுத்த முறை மூச்சு நிற்கும்போது இரண்டு நிமிடம் செல்போனில் வீடியோ எடுத்து, நுரையீரல் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் தூக்கப் பரிசோதனை எழுதித் தருவார். உறுதியானால் இரவில் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபேப் கருவிதான் முதன்மைச் சிகிச்சை. கேபினிலும் பயன்படுத்தலாம், லாரி பேட்டரி 24 வோல்ட் என்பதால் அந்தக் கருவிக்கு உரிய அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள். அதுவரை ஒருக்களித்துப் படுக்கட்டும். படுக்கும் முன் மது கூடவே கூடாது, தொண்டையை இன்னும் தளர்த்திவிடும்.

இடுப்புவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் வலி மாத்திரையில்தான் ஓட்டுகிறேன். தொடரலாமா?
– வாசகர், தூத்துக்குடி

வேண்டாம். டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரையைத் தினமும் போட்டு, சிறுநீர் கழிக்க நிறுத்த வேண்டுமே என்று தண்ணீரையும் குறைத்தால் சிறுநீரகம் இரண்டு பக்கமும் அடி வாங்கும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வெயில் காலத்தில் மூன்று லிட்டராவது குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் போதுமான அளவு என்று அர்த்தம்.

முதலில் பின் பாக்கெட் பர்ஸை எடுத்துவிடுங்கள்; ஒரு பக்க இடுப்பை அது தூக்கியே வைத்திருக்கிறது. கிளட்சை முழுக்க அழுத்தியபோதும் முழங்கால் சற்று மடங்கியிருக்கும்படி சீட்டை நகர்த்துங்கள். துண்டைச் சுருட்டி இடுப்பு வளைவில் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள். கேபினிலிருந்து குதிக்காமல், வண்டியைப் பார்த்தபடி கைப்பிடியைப் பற்றி இறங்குங்கள். இறங்கியதும் தார்ப்பாயைத் தூக்காதீர்கள்; அதிர்வில் களைத்த முதுகெலும்புத் தட்டு (டிஸ்க்) அப்போதுதான் பிதுங்கும். கால் பலவீனம், தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர் அடைப்பு வந்தால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெளியூரில் ஆணுறை இல்லாமல் உறவு வைத்துக்கொண்டேன். மூன்று வாரம் ஆகிறது. இப்போது எச்.ஐ.வி. பரிசோதனை செய்யலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

செய்யுங்கள். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம். விவரம் வெளியே போகாது. மூன்று வாரத்தில் ‘இல்லை’ என்று வந்தாலும் அது முடிவல்ல. ஆறாவது வாரத்திலும் மூன்றாவது மாதத்திலும் திரும்பப் பாருங்கள். புண்ணோ சீழோ இருந்தால் அங்கேயே பால்வினை நோய்களுக்கான சுகவாழ்வு மையத்தில் காட்டுங்கள். மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு முந்தியோ அவ்வளவு நல்லது, மருத்துவமனைக்குப் போனால் 28 நாள் தடுப்பு மாத்திரை உண்டு. எந்த மாநிலத்தில் இருந்தாலும் எய்ட்ஸ் உதவி எண் 1097ஐ அழைத்து வழி கேட்கலாம். கடைசிப் பரிசோதனை முடியும் வரை மனைவியோடும் ஆணுறை அவசியம். ரத்த தானம் செய்யாதீர்கள்.