மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் சேமிக்கும்போது பேக்ஸ்லாஷ் (\) காணாமல் போகிறது. எல்லா இடத்திலும் இரண்டாகப் போட்டுவிட்டால் சரியாகுமா?

இப்போதைக்குச் சரியாகும். ஆனால் கையால் இரட்டிப்பாக்கும் வழக்கத்தை ஆரம்பிக்காதீர்கள், அதற்கு முடிவே கிடையாது.

குவெரிக்குள் (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளைக்குள்) நேரடியாக 'கணக்கு\பழையவை' என்று எழுதினால் 'கணக்குபழையவை' என்றுதான் சேமிக்கப்படும். மைஎஸ்க்யூஎல் பேக்ஸ்லாஷைப் பார்த்ததும் அடுத்த எழுத்தைப் பார்க்கும். ஆங்கில 'என்' என்றால் புதுவரியாக்கும், 'டி' என்றால் டேப். தெரியாத எழுத்தாக இருந்தால் பேக்ஸ்லாஷை மட்டும் விழுங்கிவிடும். எரர் எதுவும் வராது. விண்டோஸ் ஃபைல் பாதைகள் சிதைவது இப்படித்தான்.

ஆரக்கிள், எஸ்க்யூலைட் ஆகிய மற்ற டேட்டாபேஸ்கள் இரண்டிலும் பேக்ஸ்லாஷ் சாதாரண எழுத்து. போஸ்ட்கிரெஸிலும் 9.1 பதிப்பிலிருந்து அப்படித்தான். அங்கே இரட்டிப்பாக்கினால் இரண்டும் அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

மதிப்பைக் குவெரியோடு ஒட்டாமல் பாராமீட்டராக அனுப்புங்கள். குவெரியில் கேள்விக்குறி, மதிப்பு தனியாக. எஸ்கேப் செய்யும் வேலை, அதாவது சிறப்புப் பொருள் உள்ள எழுத்தைச் சாதாரண எழுத்தாக்கும் வேலை, உங்களுடையதே இல்லை. எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் (மதிப்புக்குள் கட்டளையை நுழைக்கும் தாக்குதல்) கவலையும் அதோடு போகும். பிஹெச்பி-யில் ஆட்ஸ்லாஷஸ் (மேற்கோள்குறி போன்றவற்றின் முன்னால் பேக்ஸ்லாஷ் சேர்க்கும் ஃபங்ஷன்) போட்டு எழுதிய பழைய கோடு இருந்தால் அதை எடுத்துவிட்டு மாற்றுங்கள். ஆட்ஸ்லாஷஸும் பாராமீட்டரும் சேர்ந்தால் பெயர்களில் எல்லாம் \' என்று முளைக்கும்.

பாராமீட்டரும் காப்பாற்றாத ஓர் இடம், பேட்டர்ன் கொடுத்துத் தேடும் லைக். அங்கே %, _ இரண்டும் வைல்ட்கார்டு (வேறு எழுத்துகளுக்குப் பதிலாக நிற்கும் குறி), மைஎஸ்க்யூஎல்லில் பேக்ஸ்லாஷ் அவற்றுக்கான எஸ்கேப். ஒரே ஒரு பேக்ஸ்லாஷைத் தேட பாராமீட்டரில் இரண்டு வேண்டும், மைஎஸ்க்யூஎல் குவெரியில் நேரடியாக எழுதினால் நான்கு, அந்தக் குவெரியே ஜாவா ஸ்ட்ரிங்குக்குள் இருந்தால் எட்டு! எண்ணிக்கொண்டிருக்காமல் லைக்குக்குப் பின்னால் எஸ்கேப் '|' என்று சேர்த்துவிடுங்கள். அப்புறம் பேட்டர்னில் பேக்ஸ்லாஷ் சாதாரண எழுத்துதான். தேடும் சொல்லில் வரும் %, _, | மூன்றின் முன்னாலும் ஒரு | போட்டால் போதும்.

சோதிக்கும்போது ஜேசன் வடிவில் (தரவைப் பரிமாறும் ஒரு எழுத்து வடிவம்) வரும் அவுட்புட்டை நம்பாதீர்கள். சேமித்தது ஒன்றாக இருந்தாலும் அதில் இரண்டாகத்தான் தெரியும். எழுத்துகளை எண்ணும் சார்_லெங்த் போட்டுப் பாருங்கள்: 'அ\ஆ' என்பதற்கு 3 வந்தால் சரி, 2 வந்தால் பேக்ஸ்லாஷ் போய்விட்டது, 4 வந்தால் யாரோ ஏற்கெனவே இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள்.

ஏற்கெனவே கெட்டுப்போன வரிசைகளில், புதுவரியாகவோ டேப்பாகவோ மாறியவற்றை ரிப்ளேஸ் கொண்டு பெரும்பாலும் மீட்கலாம். விழுங்கப்பட்டவை எங்கே இருந்தன என்று டேட்டாபேஸுக்கே தெரியாது. அவற்றை மூல ஃபைலிலிருந்து மறுபடி ஏற்றத்தான் வேண்டும்.