மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டினால் கவனம் கூடுமா? ஐந்து நாளாகத் தலை மந்தமாகவே இருக்கிறதே!

ஐந்தாம் நாளில் கேட்டிருக்கிறீர்கள், அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நானும் விட்டுவிடலாம் என்று நினைத்தது கிட்டத்தட்ட அந்த நாளில்தான். "மூணே நாள்ல மூளை பளிச்சுனு ஆயிடும்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். உங்களுக்கோ படித்த வரியையே திரும்பப் படிக்க வேண்டியிருக்கும்.

நான் மருத்துவன் அல்ல. பதினாறு ஆண்டுகளாகப் பாடநூல்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறேன். கவனம்தான் என் பிழைப்பு. மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணி ஆனால் கண் எழுத்தின் மேல் ஓடும், மனதில் எதுவும் ஒட்டாது. அதற்காகத்தான் மாறினேன், எடை குறைக்க அல்ல. நாளுக்கு 30 கிராமுக்குள் மாவுச்சத்து. மற்றபடி முட்டை, மீன், கீரை, கொட்டை வகைகள், வெண்ணெய்.

ஆறாம் நாள் ஒரு கணக்குப் புத்தகத்தின் விடைப் பகுதியைப் பார்த்து முடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். 0.75 என்று இருக்க வேண்டிய இடத்தில் 75 இருந்தது. பக்கத்து மேஜை அக்காதான் அதைப் பிடித்தார். அவர் திட்டவில்லை. "தலை வலிக்குதா? எழுந்தா கிறுகிறுன்னு வருதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "உப்பு எவ்வளவு போட்டுக்கற?" என்றார். அவரும் இதே முறையில் சில மாதங்கள் இருந்தவர். நானோ நல்லதுதானே என்று உப்பையும் சேர்த்துக் குறைத்திருந்தேன்.

நடப்பது இதுதான். மாவுச்சத்து குறைந்தால் இன்சுலின் இறங்கும். இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் உப்பிலுள்ள சோடியத்தைத் தக்கவைக்காமல் வெளியே அனுப்பும். கல்லீரலிலும் தசையிலும் உடல் சேமித்து வைத்திருக்கிற சர்க்கரையான கிளைக்கோஜனும் செலவாகும். அது ஒவ்வொரு கிராமுக்கும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது, அந்தத் தண்ணீரும் போய்விடும். முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவது பெரும்பாலும் இதனால்தான். இந்த உணவுக்கு மாறிய முதல் நாட்களில் வருகிற, கீட்டோ ஃப்ளூ என்கிற தலைவலி, கிறுகிறுப்பு, மந்தம் இவற்றிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு. நான் உப்புப் போட்ட சூப் குடிக்கத் தொடங்கிய இரண்டாம் நாளே தலைவலி விட்டது.

மந்தம் மட்டும் உடனே போகவில்லை. மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. வழக்கமாக அது குளுக்கோஸில் ஓடும். மாவுச்சத்து வராதபோது கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்கள் என்கிற மாற்று எரிபொருளைச் செய்து அனுப்புகிறது. பல வாரம் பட்டினி இருந்தவர்களின் மூளை பெரும்பாலும் கீட்டோனில் ஓடியதை அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஜார்ஜ் கேஹில் குழுவினர் 1967-ல் காட்டினார்கள். ஆனால் கீட்டோன் அளவு உயர்ந்து உடல் பழக நாளாகும். எனக்கு மூன்றாம் வாரம் ஆனது.

என்ன மாறியது? காலையில் எப்படி வாசிப்பேனோ அப்படியே மூன்று மணிக்கும் வாசிக்க முடிந்தது. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: பிற்பகல் இரண்டு மணி நேரத்தில் 18 பக்கம் பார்த்தவன் 24 பார்த்தேன். காலைக் கணக்கு ஒரு பக்கம்கூட ஏறவில்லை. மாடிப்படியில் வேகமாக ஏறினால் முன்பைவிடச் சீக்கிரம் கால் ஓய்ந்துபோனது.

எல்லாம் மனப்பிரமை என்று சொல்பவர்கள் வருவார்கள். இருக்கலாம். இனிப்புப் போட்ட தேநீரையும் பிஸ்கட்டையும் அதே வாரம்தான் நிறுத்தினேன், இரவு தூக்கமும் சரியானது. எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் வலிப்பு நோய்க்கு இந்த உணவைத்தான் கொடுக்கிறார்கள், அதனால் எல்லார் மூளைக்கும் நல்லது என்று வாதாடுகிறார்களே, அதை நான் ஏற்கவில்லை. அமெரிக்க மருத்துவர் ரஸ்ஸல் வைல்டர் 1921-ல் முன்வைத்தது ஒரு நோய்க்கான சிகிச்சையை. அது இன்றும் மருத்துவர் கண்காணிப்பில்தான் நடக்கிறது.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: பொட்டலங்களின் பின்புறம் அச்சிடுகிற அந்தப் பொடி எழுத்து! முன்னால் கொட்டை எழுத்தில் 'சர்க்கரை சேர்க்கவில்லை', பின்னால் மாவுப்பொருளிலிருந்து செய்கிற மால்டோடெக்ஸ்ட்ரின். சர்க்கரைக் கணக்கில் அது வராது, ஆனால் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். எழுத்தோடு வாழ்கிற எனக்கே பூதக்கண்ணாடி வேண்டியிருக்கிறது, வயதானவர்கள் எப்படிப் படிப்பார்கள்? வாசகர் படிக்கக்கூடாது என்றே ஒன்றை அச்சடிப்பது எனக்கு ஆறாத கோபம்.

சரி, உங்களுக்கு. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் என்றால் இன்றே மருத்துவரைக் கேளுங்கள். சிலவற்றால் சர்க்கரை அபாயமாக இறங்கும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிற டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரையோடு இந்த உணவு சேர்ந்தால், சர்க்கரை அதிகம் ஏறாமலே கீட்டோஅசிடோசிஸ், அதாவது கீட்டோன் மிகுந்து ரத்தம் அமிலமாகிற ஆபத்தான நிலை, வரலாம். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் நான் சொன்ன உப்பு யோசனை உங்களுக்கு இல்லை. கொஞ்ச நாள் கழித்து எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள், சிலருக்கு நன்றாகவே ஏறிவிடுகிறது. எனக்கு ஏறியது. அதனால் இப்போது 30 கிராம் கணக்கை விட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டில் மட்டும் மாவுச்சத்தைக் குறைத்துக்கொள்கிறேன். நேற்றுப் பிற்பகல் 23 பக்கம்.